எச்சில் விரல்

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசையைத் தேக்கு என்று சொல்லி யாராவது இங்கே கொண்டுவந்து போட்டிருந்தால், உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். மேலே தெரியும் வரிகள் அச்சடித்த காகிதம். அடியில் இருப்பது மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. உங்கள் முழங்கை படும் ஓரத்தைப் பாருங்கள், காகிதம் உரிந்து தவிட்டு நிறத்தில் உப்பிக்கிடக்கிறது. யாரோ தேநீரைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் படுகிறது, சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் தொழிலில் தச்சன் இல்லை. பல்செட் செய்பவன். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து எனக்கு அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்து நான் பல்வரிசை செய்து கொடுப்பேன். இருபத்தெட்டு வருடங்களாக இதுதான் வேலை. அச்சு வந்து சேரும்போது அதன் மேல் எச்சில் காய்ந்து பளபளவென்று ஒரு தோல் மாதிரி படிந்திருக்கும். சிலவற்றில் அன்று காலை அந்த மனிதர் சாப்பிட்டதும் ஒட்டியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு முதலில் கழுவுவேன், அப்புறம்தான் மேசையில் வைப்பேன். மனிதனின் வாயைப் போல அசுத்தமான இடம் வேறு கிடையாது என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டவன்.

மரத்தில் செதுக்குவது என் பொழுதுபோக்கு. பல் குடையும் சிறிய ஊசிகள் மரத்திலும் அருமையாக வேலை செய்யும். எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் பகுதி மரமில் முதலாளி, மில்லின் மாடியில் ஒரு கூட்டம் ஆரம்பித்தார். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, மரத்தில் கைவேலை செய்கிறவர்கள் தாங்கள் செய்த ஒரு பொருளைக் கொண்டுவருவார்கள். நீளமான மேசையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். பொருளை வைத்துவிட்டு அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். விலை பேசுவது கிடையாது, பரிசும் கிடையாது. ஒருவர் செய்ததை மற்றவர்கள் பார்ப்பதற்காக மட்டும்.

நல்ல மனிதர்கள்தான். கண் டாக்டர் ஒருவர் கடைசல் கிண்ணங்கள் கொண்டுவருவார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியவை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா இருந்தார், எல்லோரும் தபால் அக்கா என்போம். மீன் வால் மாதிரி பிடி வைத்த கரண்டிகள் செய்வார். மில் முதலாளி மாதாமாதம் ஆந்தைதான் செய்வார். அது ஆந்தை என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

என் பொருளை எப்போதும் கடைசியில் பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் மற்றவற்றைப் பார்க்க மனம் வராது என்று டாக்டரே ஒருமுறை சொன்னார். பாதி உரித்த ஆரஞ்சுப் பழம், தோல் சுருள் தொங்க. மூக்குக்கண்ணாடி ஒன்று, மடக்கினால் மடங்கும். கொத்துச்சாவி. எல்லாம் ஒவ்வொன்றும் ஒரே கட்டையில் குடைந்தவை. ஒட்டு, இணைப்பு, ஆணி எதுவும் இல்லாதவை. யாரும் தொடமாட்டார்கள். எனக்குப் பிடிக்காது என்று தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் மாதம் முழுக்க உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். அதனால் சொல்லவில்லை.

என் தங்கையின் கணவர் நாற்காலி செய்பவர். அவர்கள் கீழ்த்தளம், நான் மாடி, வீட்டுக்குப் பின்னால் அவருடைய பட்டறை. அவர்களுக்குக் குழந்தை இல்லை, எனக்குக் கல்யாணம் இல்லை. தங்கைதான் எனக்கும் சேர்த்துச் சமைப்பாள். என் தட்டு, என் டம்ளர், என் கரண்டி மூன்றும் தனி அலமாரியில் இருக்கும். அவள் அதை ஒருநாளும் மாற்றி வைத்ததில்லை.

ஒருநாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்: “அண்ணா, ஞாயித்துக்கிழமை ஆனா இவரு வீட்டையே சுத்திச் சுத்தி வர்றாரு. எனக்குத் தலை சுத்துது. உங்க கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயேன்.”

கூட்டிக்கொண்டு போனேன். அதை நானேதான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பெரிய உருவம். நுழையும்போதே எல்லோரையும் பல வருடம் தெரிந்தவர் போலப் பேச ஆரம்பித்துவிடுவார். அன்று டாக்டரின் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு வலது கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, குழந்தை சப்புவது போலச் சப்பி, வெளியே எடுத்து, அந்த எச்சில் சொட்டும் விரலைக் கிண்ணத்தின் வயிற்றில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

“அடடே, இங்க பாருங்க டாக்டர். உள்ளுக்குள்ள ஒரு புலி படுத்திருக்கு.”

உண்மைதான், தேய்த்த இடத்தில் மட்டும் மரம் விழித்துக்கொண்டது. வெளிறிக் கிடந்த இடத்தில் தேன் நிறமும் கறுப்பு வரிகளும் எழுந்து வந்தன. செதுக்கி முடித்த மரம் எண்ணெய் பூசும்வரை தன் நிறத்தைக் காட்டாது, ஈரம் பட்டால் கொஞ்ச நேரம் காட்டும். இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஈரத்துணியில் துடைத்தாலும் அதே புலிதான் வரும். அதைச் சொன்னேன்.

“துணி எதுக்கு மச்சான்? பொறக்கும்போதே வாய்க்குள்ள ஒண்ணு குடுத்து அனுப்பியிருக்காங்களே,” என்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தக் கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகம் நடுவில் பிளந்திருக்கும், பிளவுக்குள் பழைய பசை கறுத்துப்போய் உறைந்திருக்கும். அதை வாயில் விட்டு எடுக்கும்போது ‘ப்ச்’ என்று ஒரு சத்தம் வரும். உதட்டுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு நூல் தொங்கி அறுந்து விழும். டாக்டர் கிண்ணத்தில் தேய்த்த விரல் மறுபடி வாய்க்குள் போகும், ஆந்தைக்கு வரும். திரும்ப வாய், அப்புறம் கரண்டி. ஒருநாள் காலையில் இருபத்து மூன்று முறை எண்ணினேன். அந்த மேசையில் இருந்த ஒவ்வொரு பொருளிலும் ஒரே ஆளுடைய எச்சில் இருந்தது. ஒருவருக்கும் வயிற்றைப் புரட்டவில்லை.

புரட்டவில்லை என்பதோடு நிற்கவில்லை. அவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நான்கைந்து மாதத்தில் எல்லோரும் எண்ணெய் பூசாமல் பச்சை மரமாகவே கொண்டுவர ஆரம்பித்தார்கள். தபால் அக்கா தன் கரண்டியை நீட்டி, “முதல்ல நாற்காலிக்காரர் விரல் வைக்கட்டும். அப்புறம்தான் எண்ணெய், கிண்ணெய் எல்லாம்,” என்பார். நாளைக்கு ஒருவர் வாயில் வைக்கப்போகிற கரண்டி அது. அங்கே கொடுக்கும் தேநீரை நான் குடிப்பதை நிறுத்தினேன். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுத்துவரை கழுவிக்கொள்வேன். என் பொருளுக்குப் பக்கத்தில் அவர் வரும்போதெல்லாம் நான் குறுக்கே நின்றுகொள்வேன். அவரும் புரிந்துகொண்டவர் போல அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்.

அப்போது நான் கைக்குட்டை ஒன்று செய்துகொண்டிருந்தேன். சுவரில் ஆணியில் கசங்கித் தொங்கும் கைக்குட்டை, மரத்தில். ஓரத் தையல்கூடத் தெரியும். இரண்டு வருட வேலை. முடித்துக் கொண்டுபோய் மேசையில் நிறுத்தி, “ஒரே கட்டை,” என்று மட்டும் சொன்னேன். தபால் அக்கா மெதுவாக ஊதிப் பார்த்தார், அசைகிறதா என்று. எட்டு வருடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அங்கே கேட்டதில்லை.

அந்த அமைதியில்தான் ‘ப்ச்’ சத்தம் கேட்டது.

“மாப்பிள்ளை, வேண்டாம்,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் விரல் மூன்றாவது மடிப்பில் இருந்தது. தன்னை மறந்து வைத்துவிட்டார், பிறகு அப்படித்தான் சொன்னார். மரம் ஈரத்தில் கறுத்து விரிந்தது. அதன் குறுக்கே தலைமுடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு கறுக்காமல் நின்றது.

பசை இருக்கும் இடத்தில் ஈரம் ஏறாது. பதினெட்டாவது மாதத்தில் அந்த மடிப்பு உடைந்துபோயிருந்தது. ஒட்டியிருந்தேன். பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாதபடி ஒட்டியிருந்தேன். ஆனால் அவர் நாற்காலிக்காரர். நாள் முழுக்க இணைப்புகளைப் பார்த்துப் பிழைக்கிறவர். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை அப்படியே அந்த இடத்தின் மேல் போட்டு மூடிக்கொண்டு, டாக்டர் பக்கம் திரும்பி, “உங்க வீட்டு ஆடுற நாற்காலி இப்ப எப்படி இருக்கு டாக்டர்? இன்னும் கிறீச்சுங்குதா?” என்று பேச்சை எடுத்தார். ஈரம் காயும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது கோடு மறைந்திருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

விவரம் முழுமையாக இருக்கட்டும் என்று இதைச் சொல்கிறேன். பெரிய விஷயம் என்பதற்காக இல்லை. விஷயம் எச்சில்தான். வீட்டுக்கு வந்து அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மூன்று முறை துடைத்தேன். மரம் சொரசொரத்துப்போயிற்று. சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். எச்சில் பட்டதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

அன்று சாயங்காலம் அவர் மாடிக்கு வந்தார். எப்போதும் வருகிறவர் இல்லை. கதவருகே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, “மச்சான், ஒட்டுப் போடாத மரவேலை உலகத்துல எங்க இருக்கு? என் நாற்காலி பூரா ஒட்டுதான். இதுக்குப் போய் முகத்தை இப்படி வெச்சுக்கலாமா? நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்,” என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார், அந்தக் கையால். அவர் போனதும் சட்டையைக் கழற்றி எறிந்தேன்.

சொன்னபடியே அவர் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மாதம் அவள் சாப்பாடு போடும்போதெல்லாம் அவள் முகத்தைக் கவனித்தேன். ஒன்றும் தெரியாத முகம். அடுத்த கூட்டத்தில் எல்லாப் பொருளிலும் விரல் வைத்தவர், என் பொருளை மட்டும் தாண்டிப் போனார். தபால் அக்கா விடுவாரா? “ஏன், பல்செட்காரரோடதுக்கு மட்டும் விரல் கிடையாதா?” என்று கேட்டார்.

“அதுக்கு நான் எதுக்கு அக்கா? அது தானா பேசும்,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. தவறி விழுந்தவனைத் தூக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று மண்ணைத் தட்டிவிடுகிறவனின் சிரிப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அதே சிரிப்பைச் சிரித்தார். கீழ்த்தளத்தில் சாப்பிடும்போதும் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் அருவருப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

வருடத்தில் ஒரு கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வருவார்கள். அதற்கு நான்கு மாதம் இருந்தது. ஒரு நாற்காலி செய்ய ஆரம்பித்தேன்.

கல்யாணத்தின்போது அவர் தன் கையால் என் தங்கைக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்திருந்தார். உயரமான முதுகு, வளைந்த கைப்பிடி, பிரம்பு பின்னிய இருக்கை. முன்னறையில் ஜன்னலோரம் கிடக்கும். அவள் உட்கார்ந்து காய் நறுக்குவதும் பேப்பர் படிப்பதும் அதில்தான். இருவரும் வெளியே போயிருந்த ஒரு பகலில் அதை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டேன். அதையே உள்ளங்கை உயரத்துக்குச் செய்தேன். பிரம்புப் பின்னலின் ஒவ்வொரு ஓட்டையையும் பல் குடையும் ஊசியால் எடுத்தேன். இந்த முறை எங்கேயும் உடையவில்லை. அது முழுக்க ஒரே கட்டை.

மரத்தில் பூச்சி விழாமலிருக்கப் பூசும் மருந்து அவர் பட்டறையில், மேல் தட்டில், ஒரு தகர டப்பாவில் இருக்கும். அந்த மாதிரிப் பொருளை நான் என் அறையில் வைத்துக்கொள்வதில்லை. வேண்டிய அளவு ஒரு சின்னப் புட்டியில் எடுத்து வந்தேன். கையுறை போட்டுக்கொண்டு பூசினேன், காயவைத்தேன், மறுபடி பூசினேன். எத்தனை முறை என்று கேட்டால், போதும் என்று தோன்றும்வரை. நிறம் மாறவில்லை. வாடையும் சில நாளில் போய்விட்டது. எண்ணெய் எதுவும் பூசவில்லை. பார்த்தால் இப்போதுதான் செதுக்கி முடித்த பச்சை மரம், எந்த நிறம் ஒளிந்திருக்கிறதோ என்று யாரையும் நினைக்கவைக்கிற மாதிரி.

முன்னால் ஓர் அட்டை வைத்தேன். ‘தயவுசெய்து தொடாதீர்கள்.’ என் கையெழுத்துதான், மில் மாடியில் இன்னும் இருக்கும். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடுகிறவரைப் பற்றி நான் என்ன செய்ய முடியும்?

அன்று மாடியில் எள் போட்டால் எள் விழாது. நாற்பது பேராவது இருந்தார்கள். என் முறை வந்ததும், “எங்க மாப்பிள்ளை என் தங்கச்சிக்குச் செஞ்சு குடுத்த நாற்காலி. அதைப் பாத்துச் செஞ்சேன்,” என்றேன். கூட்டம் என் பொருளை நோக்கி வந்தது. எல்லோரும் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அவர் வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அட்டையைப் படித்துவிட்டு, “மச்சான், இதுக்குமா வேண்டாம்?” என்றார்.

“உங்க நாற்காலி மாப்பிள்ளை. உங்க இஷ்டம்.”

விரல் வாய்க்குப் போயிற்று. முதுகில் தேய்த்தார். மரம் எரிகிற கரி மாதிரி சிவந்து வந்தது. முதல் முறை வாய்க்குப் போன விரலில் எதுவும் கிடையாது. தேய்த்துவிட்டு மறுபடி வாய்க்குப் போகிறதே, அதுதான். கைப்பிடிக்கு ஒருமுறை, இருக்கைக்கு ஒருமுறை, கால்களுக்கு இரண்டு முறை. கைதட்டினார்கள். தங்கையும் தொட்டாள். நாற்காலியை அவருக்கே கொடுத்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பிற்பகல் இரண்டரை மணிக்குக் கீழே சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். முன்னறைத் தரையெல்லாம் வாந்தி. மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார், சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. அந்த நாற்றத்தை நான் விவரிக்கப் போவதில்லை. வாசற்படியைத் தாண்ட முடியவில்லை எனக்கு. தங்கை மண்டிபோட்டு வெறுங்கையால் துணியை வைத்துத் துடைத்து, வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள்.

“அண்ணா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்.”

கொண்டுவந்து படியில் வைத்தேன். அவள் நெற்றியிலும் வியர்வை முத்து முத்தாக இருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். “உனக்கு என்ன?” என்றேன். “ஒண்ணுமில்ல, இதைப் பாத்துப் பாத்து ஒரு மாதிரி வருது,” என்றாள். ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கை கழுவினேன். நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஆறு மணிக்கு ஆம்புலன்ஸை அழைத்தது பக்கத்து வீட்டு அம்மா. அதற்குள் தங்கையும் தரையில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “என்ன சாப்பிட்டாங்க, ஏதாவது மருந்து, கிருந்து பட்டுச்சா?” என்று இரண்டு தடவை கேட்டார். நேற்று மீந்ததைச் சாப்பிட்டிருப்பார்கள் என்றேன். முதல் சில மணி நேரத்தில் என்ன மருந்தென்று தெரிந்திருந்தால் தங்கையையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் பிறகு சொன்னாராம்.

உள்ளே போனதையெல்லாம் சீக்கிரமே வாந்தியெடுத்ததால் அவர் பிழைத்துக்கொண்டார். அவள் அடக்கி வைத்திருந்தாள். அவருக்குத் துடைக்க ஆள் வேண்டுமே. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அழவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதட்டோரம் என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் கட்டைவிரலை வாயில் வைத்து நனைத்து, அதைத் துடைத்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதும் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது.

மிச்சம் உங்களுக்கே தெரியும். பரிசோதனையில் பூச்சி மருந்து என்று வந்தது. டப்பா அவர் பட்டறையில் இருந்தது. மனைவி செத்தாள், கணவன் தப்பித்தான். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அதில் உங்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, “மச்சான், நீங்களாவது நம்புங்க. அவளுக்கு நான் அப்படிச் செய்வேனா?” என்றார். “நம்புறேன் மாப்பிள்ளை,” என்றேன். மனதார நம்பினேன். என்னைவிட யார் நம்ப முடியும்?

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். தங்கையும் தொட்டாள் என்று சொல்லிக் கடந்துபோனேன். அது முழு விவரம் இல்லை.

அவள் தானாகத் தொடவில்லை. அவர்தான் நாற்காலியை அவளிடம் நீட்டி, “உங்க அண்ணன் செஞ்சதும்மா. கடைசி விரல் உன்னோடதா இருக்கட்டும்,” என்றார். அவள் வாங்கவில்லை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் கடித்த மிட்டாயை நீட்டினால் நான் வாங்கமாட்டேன், அவள் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டேன். அதனால் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள். அன்றும் என் பக்கம் திரும்பி, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“எச்சில் பண்ணட்டுமா அண்ணா? கோச்சுக்க மாட்டியே?”

நாற்பது பேர் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தபால் அக்கா மூக்கின் மேல் விரலை வைத்தபடி நின்றார். குறை தேடுகிற கண் ஒன்றுகூட அங்கே இல்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பிடுங்கினால் கால் உடைந்துவிடலாம், அவ்வளவு மெல்லிய கால்கள். அந்த நேரத்தை என் கையால் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“பண்ணு,” என்றேன்.

இரண்டு முறை செய்தாள். முதலில் முதுகில். பிறகு விரலை மறுபடி நனைத்துக்கொண்டு, இருக்கையின் பின்னலில் ஓட்டை ஓட்டையாகத் தடவிப் பார்த்தாள். “எவ்வளவு அழகா இருக்குண்ணா,” என்றாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த உங்கள் ஏட்டு, மனசாட்சி உறுத்தித்தானே வந்தீர்கள் என்று கேட்டார். நல்ல மனிதர், ஆமாம் என்றேன். ஆனால் உங்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை உள்ளே போய் மூன்று வாரம் ஆகிறது. நான் வேளைக்குச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். சமையல் நானே செய்துகொள்கிறேன். வீடு சுத்தமாக இருக்கிறது.

முந்தாநாள் நீங்கள் என்னை அழைத்தீர்கள். உறவினர் என்ற முறையில், வீட்டிலிருந்தும் பட்டறையிலிருந்தும் எடுத்த பொருள்களின் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். எல்லோரும் படிக்காமல் போடுவார்கள் போலிருக்கிறது. நான் படித்தேன். தகர டப்பா, தூரிகை, கையுறை, உளிகள். பதினொன்றாவது வரி: ‘சிறிய மர நாற்காலி ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் செய்தது.’

அதைச் சுத்தியல்களோடு ஒரே கோணியில் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு கைப்பிடி நுனியில் சில்லு போயிருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் தூக்கம் இல்லை. கோர்ட்டில் அந்த வரியை உரக்கப் படிப்பார்கள். பேப்பரில் படம் போடுவார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம், கொலைகாரனாக இருந்தாலும் என்ன கை இது என்று அவரைச் சொல்வார்கள். உள்ளே அவரும் கேள்விப்படுவார். கேள்விப்பட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், அந்தச் சிரிப்பைச் சிரிப்பார்.

செய்தது நான். மருந்தை எடுத்தது, பூசியது, மேசையில் வைத்தது, என் தங்கை கேட்டபோது பண்ணு என்று சொன்னது எல்லாம் நான்தான். தெரிந்துதான் செய்தேன். நீங்கள் எந்தப் பிரிவில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதலில் அந்தப் பதினொன்றாவது வரியைத் திருத்துங்கள். கொலையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.